வளவில் கிடந்த பாய்ப்படகு எந்த வகையைச் சேர்ந்தது?

பதிவு 1: கழிமுகம் (கென்ட், இங்கிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். மெட்வே கழிமுகத்துக்குப் பக்கத்தில் சென்ற ஒக்டோபரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், கொட்டிலுக்கும் மதிலுக்கும் இடையே, நீலத் தார்ப்பாய் போர்த்தி ஒரு சிறிய பாய்ப்படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முன்பு இருந்தவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, தான் குடிவந்த நாளிலிருந்து அது அதே இடத்தில்தான் கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அணியம் (படகின் முன்முனை) கூராக இருக்கிறது. பின்பக்கம் தட்டைப் பலகை. நடுவில் கீழே இறக்கும் பலகைக்கான பெட்டி இருக்கிறது, பலகையைக் காணவில்லை. சுக்கானும் இல்லை. வெளியே பச்சை நிறப் பூச்சு, அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே ஏதோ ஒரு நிறம். கட்டியவர் பெயரோ தகடோ எங்கும் இல்லை. கொட்டிலுக்குள் ஒரு சாக்கில் இரண்டு வெளிர்நீலப் பாய்கள் இருந்தன. பெரிய பாயில் E என்ற எழுத்தும் ஐந்து இலக்க எண்ணும் தைக்கப்பட்டிருக்கின்றன. மரத்தாலான பாய்மரம் ஒன்று கூரைக் கைமரத்தில் தொங்குகிறது. தையல் நாடாவால் அளந்தபோது நீளம் 3.85 மீற்றர் வந்தது. இது எந்த வகை, யார் கட்டியது என்று யாராவது சொல்ல முடியுமா? எரித்துவிடச் சொல்லி வீட்டில் ஒரு தரப்பு வாதாடுகிறது; அதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதிவு 2: காற்றுமுகம் (சென்னை)

நண்பரே, நீலப் பாயும் E என்ற எழுத்தும் இருக்கும்போது இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. உங்களிடம் இருப்பது என்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது. நியூஸ் கிரானிக்கிள் நாளிதழின் ஆதரவில் வெளியானது. வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் கட்டிக்கொள்ளக்கூடிய படகு என்பதால் பிரிட்டனில் தொடங்கி நம் ஊர்ப் பாய்ப்படகுக் கழகங்கள் வரை பரவியது. நான் பாய்ப்படகு பழகியதே சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு பழைய என்டர்பிரைஸில்தான். அதன் நீளம் 4.04 மீட்டர். உங்கள் 3.85 தையல் நாடாவின் பிழையாக இருக்கும். துணி அளக்கிற நாடாவால் படகை அளந்தால் அப்படித்தான் வரும். தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

பதிவு 3: கழிமுகம்

மிக்க நன்றி. இவ்வளவு விரைவில் விடை கிடைக்கும் என்று நினைக்கவில்லை. வீட்டில் படகின் பெயரைச் சொன்னதும் எரிக்கும் பேச்சு சற்று ஓய்ந்திருக்கிறது.

பதிவு 4: பழம்பாய் (சவுத்தாம்ப்டன்)

அவசரப்படாதீர்கள். இந்த நாட்டில் பழைய படகுகளின் பாய், பாய்மரம், சுக்கான் ஆகியவை கைமாறுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் படகுப் பொருள் சந்தைகள் கூடும். கிழிந்த பாயைத் தூக்கியெறிந்துவிட்டு, கிடைத்த பாயைக் கட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே பாயில் உள்ள எழுத்து அந்தப் பாய் எந்த வகைக்காகத் தைக்கப்பட்டது என்பதைத்தான் சொல்லும்; அது சுற்றிவைக்கப்பட்டிருந்த சாக்குக்குப் பக்கத்தில் கிடக்கும் படகைப் பற்றி எதையும் சொல்லாது. உடலை முதலில் பார்ப்போம்.

நாடாவைப் படகின் வளைந்த விளிம்போடு ஒட்டிப் பிடித்து அளந்தீர்களா? அப்படியானால் 3.85 என்பது கூடுதலான அளவு, குறைவானது அல்ல. காற்றுமுகம் சொல்வது போல அதை 4.04க்கு ஏற்ற முடியாது, கீழேதான் இறக்க வேண்டும். அணியத்திலும் பின்பலகையிலும் ஆளுக்கொரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அவை தரையைத் தொடும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை இரும்பு நாடாவால் அளந்து சொல்லுங்கள். அகலத்தையும் அதே போல.

இரண்டாவதாக, பூச்சு பூசிய வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் விளிம்பிலிருந்து அடிநடு வரை மெதுவாகத் தடவிப் பாருங்கள். என்டர்பிரைஸ் தட்டையான ஒட்டுப்பலகைகளைச் சேர்த்துக் கட்டப்படுவதால், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முனைப்பான மடிப்புகள் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடும். எத்தனை முறை பூச்சு பூசினாலும் கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

பதிவு 5: கழிமுகம்

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: விளிம்போடு ஒட்டித்தான் அளந்திருந்தேன். இன்று மகளும் நானும் நூலில் இரண்டு திருகாணிக் கட்டுகளைத் தொங்கவிட்டு அளந்தோம். நீளம் 3.66 மீற்றர், அதாவது சரியாகப் பன்னிரண்டு அடி. அகலம் 1.42 மீற்றர். மடிப்பு எங்கும் இல்லை. தேங்காயின் பக்கவாட்டைத் தடவுவது போல, விளிம்பிலிருந்து ஏரா (அடிநடு மரம்) வரை வழுவழுவென்று உருண்டு வருகிறது.

புரட்டிப் போட்டு உள்ளேயும் பார்த்தோம். இதுதான் எனக்கு விளங்கவில்லை: உள்ளே வங்குகளே (விலாச் சட்டங்களே) இல்லை. குறுக்கே இருக்கைப் பலகை இருக்கிறது, நடுப்பெட்டி இருக்கிறது. ஆனால் உடலைத் தாங்கும் வங்கு ஒன்றுகூட இல்லை.

பதிவு 6: ஓடாவிமகன் (வல்வெட்டித்துறை)

என் அப்பாவும் அவருடைய அப்பாவும் இந்தக் கரையில் வள்ளம் கட்டியவர்கள். வங்கு இல்லாமல் உருண்ட மரப்படகு நிற்காது என்றுதான் நான் படித்த பாடம். ஏரா போட்டு, வங்கு நிறுத்தி, அதன்மேல் பலகையை வளைத்து ஏற்றுவதுதான் எங்களுடைய முறை. எங்கள் ஊரில் கட்டிய பெரிய கப்பல்களுக்கும் அதுவே முறை. நீங்கள் சொல்லும் வடிவம் ஃபைபர் படகின் வடிவம். இப்போது எங்கள் கரை முழுவதும் அவைதான் நிற்கின்றன. பூச்சுக்கு அடியில் இருப்பது மரம் என்று உறுதியாகத் தெரியுமா, தம்பி? ஒரு சின்ன இடத்தில் சுரண்டிப் பாருங்கள். ஃபைபராக இருந்தால் பளபளப்பான பசை மேலே, கண்ணாடி நார் அதற்குக் கீழே.

பதிவு 7: கழிமுகம்

ஐயா, சுரண்டிப் பார்த்தேன், மரம்தான். அணியத்துக்கு ஒன்றரை முழம் பின்னால் எதிலோ மோதிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பைப் பார்த்தால், மெல்லிய மரச்சீவல்கள் மூன்று அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டப்பட்டிருப்பது தெரிகிறது. மேலடுக்கின் இழை வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், அடுத்த அடுக்கின் இழை அதற்குக் குறுக்கே போகிறது. உள்பக்கப் பூச்சை ஈரத்தாளால் தேய்த்ததில், உள்ளங்கை அகலமான பட்டைகள் ஏராவிலிருந்து விளிம்பு வரை சாய்வாக ஏறிச் செல்வதைக் கண்டேன். மரம் வெளிர் பொன்னிறம், கொஞ்சம் இளஞ்சிவப்புச் சாயல். பட்டைகளின் மேல் வரிசை வரிசையாகக் குண்டூசித் துளை போன்ற நுண்ணிய புள்ளிகள். பூச்சி அரிப்போ என்று பயந்தேன்; ஆனால் பூச்சி இவ்வளவு ஒழுங்காக வரிசை பிடித்துத் துளைக்காது.

பதிவு 8: பழம்பாய்

அந்தத் துளைகளைத்தான் நான் எதிர்பார்த்தேன். பூச்சி அல்ல, மரச்சீவல்களை அச்சின்மேல் பிடித்துவைக்க அடித்த கம்பிப் பிடிப்புகளைப் பின்னர் பிடுங்கியெடுத்த தடயம். ஓடாவிமகன் ஐயா சொன்னதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. வங்கு இல்லாமல் உருண்ட மரப்படகு கட்டும் முறை ஒன்று உண்டு. அது மரப்படகு கட்டும் ஓடாவிகளின் பட்டறையில் பிறந்ததல்ல, விமானத் தொழிற்சாலையில் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஃபேரி விமான நிறுவனத்துக்குப் போர்க்காலத்து வேலை குறைந்தது. மரச்சீவல்களை ஒட்டி வளைவான பாகங்களை வார்க்கும் கருவிகளும் அனுபவமும் கையில் இருந்தன. அங்கிருந்து கிளைத்த ஃபேரி மரைன், சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் ஹாம்பிளில் சிறு பாய்ப்படகுகளைக் கட்டத் தொடங்கியது. கட்டும் விதம் இதுதான்: படகின் வடிவத்தில் கனமான அச்சு ஒன்று கவிழ்ந்து இருக்கும். அதன்மேல் மெல்லிய சீவல்களைச் சாய்வாக அடுக்கி, பசை பூசி, அடுத்த அடுக்கை எதிர்ச்சாய்வில் போடுவார்கள். எல்லா அடுக்கும் முடிந்ததும் மேலே ரப்பர் உறை போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அச்சோடு சேர்த்து ஓர் ஆள் நடந்து போகக்கூடிய பெரிய அழுத்த அடுப்புக்குள் தள்ளிச் சூடேற்றுவார்கள். வெளியே வரும்போது உடல் முழுவதும் ஒரே ஓடாக இறுகியிருக்கும். முட்டை ஓட்டுக்கு விலா எலும்பு தேவையில்லாதது போல, இதற்கும் வங்கு தேவையில்லை. உங்கள் பொன்னிற மரம் அக்பா எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க மரமாக இருக்க வாய்ப்பு அதிகம்; ஃபேரி அதைப் பெருமளவில் பயன்படுத்தியது.

இந்த முறையில் அவர்கள் கட்டியவற்றில் டக்லிங் ஒன்பது அடி, ஸ்வார்ட்ஃபிஷும் ஆல்பகோரும் பதினைந்து அடி, ஜாலிபோட் பதினெட்டு அடி. பன்னிரண்டு அடிக்கு இருப்பது ஃபயர்ஃபிளை. உஃபா ஃபாக்ஸ் வடிவமைத்தது, 1946இல் வெளிவந்தது. அதன் நீளம் 3.66 மீட்டர், அகலம் 1.42 மீட்டர். உங்கள் திருகாணிக் கட்டுகள் அழகாக அளந்திருக்கின்றன.

எல்லாப் படகும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதால், பந்தயத்தில் படகுக்குப் படகு வேறுபாடு இராது என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. 1948 லண்டன் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் டார்கேயில் நடந்தபோது, ஒற்றையாள் பிரிவுக்கு ஃபயர்ஃபிளைதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. இயல்பில் இது இருவர் ஓட்டும் படகு என்பதை நினைவில் கொள்ளுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த இருபது வயது பால் எல்வ்ஸ்ட்ரோம் அதில் தங்கம் வென்றார். பின்னர் 1952, 1956, 1960 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்குகளில் ஃபின் வகைப் படகில் வென்றார். முதல் நான்கு ஃபயர்ஃபிளைகளுக்கு இட்ட பெயர்கள் ஃபீ, ஃபை, ஃபோ, ஃபம். ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் அரக்கன் முழங்கும் சொற்கள் அவை.

பதிவு 9: கொட்டியாரம் (திருகோணமலை)

இந்தப் பெயர்களைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஃபயர்ஃபிளை, ஸ்வார்ட்ஃபிஷ், ஆல்பகோர் மூன்றுமே ஃபேரி நிறுவனம் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிய விமானங்களின் பெயர்கள். தாங்கள் கட்டிய விமானங்களின் பெயரைத்தான் படகுகளுக்கும் இட்டிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அவை அந்நியமல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய காலையில், இங்கே சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்குப் பறந்துகொண்டிருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அதே பட்டறை வழக்கத்தில் பிறந்த படகு ஒன்று எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழர் வீட்டு வளவில் கிடக்கிறது என்பது வேடிக்கைதான். இழையைத் திசைதிருப்ப விரும்பவில்லை, தொடருங்கள்.

பதிவு 10: காற்றுமுகம்

பழம்பாய் அவர்களே, என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. பன்னிரண்டு அடி என்றால் நேஷனல் 12 என்ற வகையும் இருக்கிறதே. அது 1936இலிருந்து உள்ளது. நீளத்துக்கு வரம்பு வைத்துவிட்டு, வடிவத்தைப் பெருமளவு வடிவமைப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடும் வகை. ஆகவே அளவு பொருந்துவதை மட்டும் வைத்து ஃபயர்ஃபிளை என்று எப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியும்? நான் ஒருமுறை பாயைப் பார்த்து ஏமாந்தேன். நாம் இப்போது நாடாவைப் பார்த்து ஏமாறக் கூடாது அல்லவா?

கழிமுகம், உங்கள் நீலப் பாய் உண்மையில் என்டர்பிரைஸுக்கு உரியதா என்பதையும் சோதித்துவிடுங்கள். என்டர்பிரைஸின் இரு பாய்களும் சேர்ந்து 10.5 சதுர மீட்டர். ஃபயர்ஃபிளைக்கு 8.4தான். பாயைப் படகின்மேல் விரித்தாலே தெரிந்துவிடும்.

பதிவு 11: பழம்பாய்

நியாயமான கேள்வி. பழைய நேஷனல் 12கள், ஒரு பலகையின் விளிம்பின்மேல் அடுத்த பலகை படிந்து ஆணியடிக்கப்பட்ட கட்டு. வெளிப்பக்கம் மீன் செதில் போலப் படிப்படியாக இருக்கும், உள்ளே வளைத்த வங்குகளும் இருக்கும். வழுவழுப்பான உடலை அந்த வகை ஏற்றது மிகவும் பிந்தித்தான். அப்படிப் பிந்தி வந்த படகில் இத்தனை அடுக்குப் பூச்சையும் இந்த மாதிரி இருக்கைப் பலகையையும் நான் எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: ஃபேரி வார்த்துக் கொடுத்த வெற்று உடல்களை வாங்கி வேறு பட்டறைகள் முடித்த படகுகளும் உண்டு. ஆகவே வடிவம் நம்மை ஃபேரியின் வாசல் வரைதான் கொண்டுபோகும். கதவைத் திறக்க எண் வேண்டும்.

பந்தய வகைகள் பலவற்றில், பாய் எண்ணைப் படகின் மரத்திலும் செதுக்கியிருக்க வேண்டும் என்பது விதி. பாய் மாறலாம், செதுக்கிய எண் மாறாது. ஏராவின் உட்பக்கம், பின்பலகையின் உட்பக்கம், இருக்கைப் பலகையின் அடிப்பக்கம், நடுப்பெட்டியின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் தேடுங்கள். பூச்சு எண்ணை நிரப்பியிருக்கும்; நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும்.

பதிவு 12: கழிமுகம்

முதலில் பாய். புல்தரையில் படகை நிமிர்த்தி, பெரிய பாயின் முன்மூலையைப் பாய்மரம் நிற்கும் குழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அடிவிளிம்பைப் பின்னோக்கி இழுத்தேன். பாயின் மூலை பின்பலகைக்கு வெளியே தாராளமாக நீண்டு தொங்கியது. மகள் அதைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு அப்பாவின் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். பாய்மரத்தின் அடியும் படகின் குழிக்குள் இறங்கவில்லை. குழியின் மேல் சில்லுச் சில்லாகப் புதிய மரத்தைச் சேர்த்து யாரோ முன்பு சரிக்கட்ட முயன்றிருக்கிறார். ஆகவே பாயும் பாய்மரமும் வேறு படகினுடையவை என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

இப்போது எண். நேற்று இரவு ஒன்பது மணிக்குக் குடையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போனேன். பின்பலகையின் உட்பக்கம் ஒன்றும் இல்லை. இருக்கைப் பலகையின் அடியில் சிலந்தி வலைதான் இருந்தது. நடுப்பெட்டிக்குப் பின்னால், ஏராவின் மேல் டார்ச்சைச் சாய்த்தபோது ஒரு நிழல் கோடு விழுந்தது. இன்னும் சாய்த்தேன், F என்று தெளிவாகத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து நான்கு இலக்கங்கள். முதலாவது 1, மூன்றாவது 7. இரண்டாவது 3 அல்லது 8. நான்காவதைப் பூச்சு முழுதாக அடைத்திருக்கிறது. மழையில் அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன்.

இனி அந்த இடத்தில் பூச்சைச் சூடுகாட்டி உரிக்கலாமா? வெளியே ஓட்டையை அடைக்க முழு உடலுக்கும் ஃபைபர் போர்த்திவிடலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதிவு 13: ஓடாவிமகன்

இரண்டும் வேண்டாம், தம்பி. வங்கு இல்லாத உடலில் அந்தப் பசைதான் வங்கு. சூட்டுக் காற்றைக் காட்டினால் பூச்சு கழன்று வரும், கூடவே பழைய பசையும் விட்டு அடுக்குகள் பிரியத் தொடங்கும். கைச்சுரண்டியால் மெதுவாக எடுங்கள். பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, ஈரத்தாளால் மட்டும் தேய்த்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். பிள்ளையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஃபைபர் போர்த்துவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. எங்கள் கரையில் பழைய மர வள்ளங்களுக்கு அப்படிப் போர்த்திப் பார்த்தார்கள். ஓரிரு வருடம் புதுப்படகு போல நின்றது. பிறகு எங்கோ ஒரு மயிர்க்கோட்டில் நீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல், ஓட்டுக்குள் இருந்த மரம் கஞ்சியாகிவிட்டது. ஓட்டையை மட்டும் சரிவாகச் சீவி, அதே சாய்வில் புதிய சீவல்களை ஒவ்வொரு அடுக்காக ஒட்டி அடையுங்கள். அப்பா இருந்திருந்தால் முடிவில் சுறா எண்ணெய் பூசச் சொல்லியிருப்பார். இதற்கு அதுவும் வேண்டாம். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது.

பதிவு 14: பழம்பாய்

எண்ணுள்ள இடத்தில் சுரண்டியை ஆழமாக ஓட்டிவிடாதீர்கள். கோட்டின் விளிம்பு மழுங்கினால் 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசமும் போய்விடும். ஒரு பல்குச்சியால் பள்ளத்துக்குள் இருக்கும் பூச்சை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, மெல்லிய தாளை மேலே விரித்து, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். அந்தத் தாளைப் படம் பிடித்து ஃபயர்ஃபிளை வகைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஃபைபர் போர்த்துவது பற்றி ஓடாவிமகன் ஐயா அளவுக்கு நான் கடுமையாகப் போக மாட்டேன். எபொக்சி என்ற பசை கொண்டு கவனமாகச் செய்த வேலைகள் நின்றிருக்கின்றன. ஆனால் இந்தப் படகின் அழகே அந்தச் சாய்ந்த பட்டைகள்தான். உள்ளே பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு வார்னிஷ் மட்டும் அடித்தால், அவை எப்படி ஒளிரும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மூட மாட்டார்கள்.

பதிவு 15: கழிமுகம்

பல்குச்சி பன்னிரண்டு செலவானது. தாளில் தேய்த்ததில் இரண்டாவது இலக்கம் 3 என்று உறுதியாயிற்று; இடப்பக்கம் மூடவே இல்லை. நான்காவது 1 என்று நான் சொல்கிறேன், 7 என்று மகள் சொல்கிறாள். மேலே ஒரு சிறு குறுக்குக்கோடு இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிகிறது, என் கண்ணுக்கு மரத்தின் இழையாகத் தெரிகிறது. இரண்டு எண்களையும் எழுதி, தாளின் படத்தோடு சங்கத்துக்கு இன்று அனுப்பியிருக்கிறேன்.

காற்றுமுகம், நீலப் பாயின் எண்ணைப் பக்கத்துக் கழகத்தின் விளம்பரப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அந்த எண்ணுள்ள என்டர்பிரைஸ் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், உடையவர் வந்து பாயை எடுத்துப் போகட்டும். எனக்கு இப்போது தேவைப்படுவது ஃபயர்ஃபிளைக்குரிய அலுமினியப் பாய்மரம் ஒன்றும் சுக்கான் ஒன்றும். யாருக்காவது இங்கிலாந்தின் தென்கிழக்கில் எங்காவது கண்ணில் பட்டால் இந்த இழையிலேயே சொல்லுங்கள். தார்ப்பாயை மாற்றிவிட்டோம்; படகு இப்போது கொட்டிலுக்குள் இருக்கிறது, புல் வெட்டும் இயந்திரம் வெளியே நிற்கிறது.